பலா மேசையும் நாற்காலிக் கணக்கும்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

கீரமங்கலத்தில் எல்லோரும் சுகம். போன் செய்தால் மூன்று நிமிடத்தில் "அப்புறம் பேசுறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மேசை விஷயம் போனில் சொல்லி முடிகிறதும் இல்லை.

பலகையை நேற்று கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தோம். நாலு ஆள் பிடித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலா மரம். அன்றைக்கு விறகு விலைக்குக் கேட்டு வந்தவனிடம் தள்ளியிருந்தால் உன் அம்மாவுக்கு ஒரு புடவை வந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டரை அங்குலக் கனத்தில் அறுத்து, இரண்டு தலையிலும் பெயிண்ட் அடித்து, நடுவில் ரீப்பர் வைத்து அடுக்கினேன். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பட்டறைக் கணக்கு. அது எப்போதோ காய்ந்துவிட்டது. அதற்கப்புறமும் போட்டு வைத்திருந்தது நீ ஒருநாள் கேட்பாய் என்றுதான். தீபாவளிக்கு வந்தபோது கேட்டாய்.

மரம் தலை உயரத்தில் இரண்டாகப் பிரியுமே, நீ ஏறி உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாயே, அந்தக் கவட்டை அப்படியே இந்தப் பலகையில் இருக்கிறது. நீளம் 6 அடி 4 அங்குலம். கீழ்த்தலை 24 அங்குலம், கவட்டைத் தலை 41. ஒரு பக்கம் ஏறக்குறைய நேர், மறுபக்கம் உள்வாங்கி வளைகிறது. இரண்டு கிளையும் மோதுகிற இடத்தில் இழைப்புளி போட்டுப் பார்த்தேன். மயில்தோகை மாதிரி ரேகை. இப்போது பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது, வெளிச்சம் பட்டுப் பட்டு நம் தாத்தா பெட்டியின் நிறத்துக்கு வந்துவிடும்.

இப்படிப்பட்ட பலகைக்கு மேசை போடும்போது முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதுதான். ஒரு ஆளுக்கு இரண்டு அடி விட வேண்டும். நேர்ப்பக்கம் மூன்று பேர், வளைந்த பக்கம் இரண்டு, அகலத் தலையில் ஒருவர். தீபாவளிக்கு நீயும் ஆறு பேர் என்றுதான் சொன்னாய். மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள் என்றாய். போன வாரம், இரண்டு நாற்காலி போதும், மேசையைச் சின்னதாக அறுத்துவிடுங்கள் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு நாற்காலி எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பேத்தியை விட்டுவிட்டு எண்ணினாயோ என்னவோ. அவளுக்கும் வயது ஆறு ஆகிறது, மடியில் வைத்து ஊட்டுகிற காலம் போய்விட்டது. எண்ணிக்கையைச் சரியாகச் சொல்.

நீ போனில் காட்டிய ஜார்ஜ் நகாஷிமா, மரச்சாமான் செய்த அந்த ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர் பற்றி நம் ஊர் நூலக சாரிடமும் கேட்டேன். 1930களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டே விடுதி கட்டியபோது அங்கே இருந்தவராம். தேக்கில் சாமான்கள் வடிவமைத்ததும் அங்கேதானாம். நான் இரண்டு வருஷம் அந்த ஊரில் வேலை பார்த்தேன், அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போயிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவில் முகாமில் அடைத்து வைத்தபோது ஒரு ஜப்பானியத் தச்சரிடம் வேலை நுணுக்கம் படித்தாராம். மரம் வெடித்த இடத்தில் உடுக்கை வடிவில் கட்டை இறக்கி, அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே விட்டிருக்கிறார். நான் நாற்பது வருஷம் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து வெடிப்பை மறைத்தவன். என் மகள் படித்ததால் எனக்கு இது தெரிந்தது, கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

நம் பலகையிலும் கவட்டையிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. புளிய வைரத்தில் மூன்று உடுக்கை வெட்டி வைத்திருக்கிறேன். உடுக்கையின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லையென்றால் உடுக்கை இடுப்பில் ஒடிந்துவிடும். பட்டையை முழுக்க எடுத்துவிட்டேன், அதன் அடியில்தான் பூச்சி குடியிருக்கும். ஓரத்து வெள்ளை மரத்தை எடுத்தால் அந்த வளைவு போய்விடும் என்பதால் மருந்து அடித்து விட்டிருக்கிறேன்.

வெடிப்பில் ரெசின் ஊற்றச் சொல்லாதே. மேசைக் காலையும் இறுக்கி முறுக்கக் கூடாது. பலகை நீளத்தில் அசையாது, அகலத்தில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நம் ஊர்க் காற்றில் கிடந்தது பெங்களூரு போனால் 41 அங்குலத்தில் கால் அங்குலம் சுருங்கும். திருகு போடுகிற துளையை நீள்வட்டமாக விட வேண்டும். அது அசைய இடம் விடாவிட்டால் நடுவில் பிளந்துவிடும். சாப்பிடுகிறாயா? பொங்கல் போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. போட்டோவில் மாப்பிள்ளை இல்லை. அவர்தான் எடுத்திருப்பார் என்று அம்மா சொல்கிறாள். நாற்காலி எத்தனை என்று சரியாகச் சொல்.

உன் சின்ன அத்தை நம் வீட்டில் இரவு தங்குவதில்லையே ஏன் என்று சின்ன வயதில் கேட்பாய். பஸ் வசதி இல்லை என்று சொல்வேன். பஸ் நன்றாகவே இருந்தது. 1991-ல், நீ பிறப்பதற்கு முன், ஒரு பையோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். நான் ஒரு கல்யாண வீட்டுக்கு நிலைக்கதவு செய்துகொண்டிருந்தேன், வாசலில் ஆட்கள் இருந்தார்கள். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. ஊர் என்ன பேசும் என்பதுதான் மண்டையில் ஓடியது. விடிந்ததும் அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுக் கிளம்பினாள். இன்றைக்கும் இங்கே வந்தால் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள், கவனித்திருக்கிறாயா? உன் அம்மா மணை எடுத்துப் போடுவாள், பரவாயில்லை அண்ணி என்பாள். அவள் முதுகில் இருந்த தழும்பு உன் அம்மாவுக்குத் தெரியும். அம்மா எனக்குச் சொன்னது பத்து வருஷம் கழித்து. அன்று இரவே சொல்லியிருந்தாலும் நான் பஸ் ஏற்றித்தான் விட்டிருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இதை எழுத நினைக்கவில்லை. எழுதியாயிற்று, கிழிக்க மனமில்லை. அம்மாவுக்குக் காட்டாமல் நானே தபாலில் போடுகிறேன்.

சரி. பலகையை நான் அறுக்கவில்லை. நாற்காலி இரண்டு என்றால் இரண்டுதான் செய்வேன், ஒன்று உனக்கு, ஒன்று குழந்தைக்கு. காரணம் கேட்க மாட்டேன். மேசையை எங்கே போடுவது என்று மட்டும் சொல். பெங்களூரு என்றால் உங்கள் லிஃப்டில் ஏற்ற வேண்டும், காலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் வைக்கிறேன். இங்கே என்றால் அது தேவையில்லை, கூடத்துக் கதவில் சாய்த்துப் பிடித்தால் முழுசாகவே உள்ளே வந்துவிடும். துளை போடுவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா