மூடிக் கிடக்கும் ஒரு மரபணு: கூடலூரிலிருந்து கடிதம்

கூடலூர்,
ஞாயிறு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அறுவைக்குப் பிறகு பிடிமானம் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. இங்கே மழை விட்டபாடில்லை. பந்தலூர் பக்கம் இன்னும் அதிகம், தேவாலா சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. பெரியவனுக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. இனி அடிக்கடி வருவான்.

சரி, உன் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு மரபணுவைப் படியெடுக்க, அதாவது அதன் ஆர்என்ஏ நகலை உருவாக்க, ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற ஒரு என்சைம் இருக்கும்போது, அதைச் சுற்றி எதற்கு இத்தனை புரதங்கள் என்று கேட்டாளாமே. பிளஸ் டூ படிக்கிற பெண் இப்படிக் கேட்கிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நம் காலத்தில் லாக் ஓப்பரானோடு, அதாவது பாக்டீரியாவில் மரபணு ஓடி நிற்கும் விதத்தோடு, பாடம் முடிந்துவிடும். பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாக்கபும் மோனோவும் 1961இல் சொன்னது: அடக்கிப் புரதம் உட்கார்ந்தால் மரபணு நிற்கும், விலகினால் ஓடும். பாக்டீரியாவைப் புரிந்துகொள்ள அது அருமையான தொடக்கம். நம் உடம்புச் செல்லுக்கு அது போதாது. அவளுக்கு நான் பதில் சொல்வதென்றால் இந்த ஊரிலிருந்துதான் தொடங்குவேன்.

ஓய்வுக்குப் பிறகு சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை முகாம்களுக்கு நான் உதவிக்குப் போவது உனக்குத் தெரியும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளுக்குப் போகிறோம். இந்தியாவில் இந்த நோயின் கூறு இருப்பதை முதலில் பதிவு செய்தவர்களில் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உண்டு. 1952இல் அவர்கள் அதைக் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில்தான்.

போன மாதம் ஓர் இளம் தாய் கேட்டாள்: "பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தான்? ஏழு மாசம் கழிச்சுக் கையும் காலும் வீங்கி அழறானே, நான் ஏதாவது தப்பாக் கொடுத்துட்டேனா?" அவள் எதையும் தப்பாகக் கொடுக்கவில்லை. அதை அவளுக்குப் புரியும்படி சொல்லத்தான் நான் அங்கே இருந்தேன். ஆனால் அந்தக் கேள்வியின் முழுப் பதிலும் உன் பேத்தியின் கேள்விக்குள் இருக்கிறது.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்குவது பீட்டா குளோபின் மரபணு. இந்த நோயில் அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருகிறது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நாராகிறது, சிவப்பணு அரிவாளாக வளைகிறது, சின்ன இரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், இப்போது இங்கே அடிக்கிற மாதிரிக் குளிர் அடித்தாலும் வலி தூண்டப்படும். இரண்டு பெற்றோரிடமிருந்தும் இந்த எழுத்தை வாங்கிய குழந்தைக்குப் பிறக்கும்போதே அது இருக்கிறது. அப்படியானால் முதல் சில மாதங்கள் எப்படிச் சுகமாகக் கழிந்தன?

1948இல் புரூக்லினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்தார். பச்சிளம் குழந்தைகளைக் காப்பது கருவில் உருவான ஹீமோகுளோபின்தான் என்று ஊகித்தார். அவர் ஊகம் சரி. கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறொரு மரபணு வேலை செய்கிறது. அதில் அந்த எழுத்துப் பிழை இல்லை. பிறந்த பிறகு காமா மெல்ல மூடப்பட்டு, பீட்டா பொறுப்பேற்கிறது. பதினோராவது குரோமோசோமில் இவை எப்சிலான், காமா, டெல்டா, பீட்டா என்று வரிசையாக நிற்கின்றன. ஏறக்குறைய வாழ்க்கையில் பயன்படும் அதே வரிசையில். எனக்கு இதைவிட அழகான வரிசை உயிரியலில் வேறு தெரியாது.

இப்போது பாலிமரேசைப் பார். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது இன்னும் உட்கரு இருக்கும். அதற்குள் காமாவும் இருக்கிறது, பீட்டாவும் இருக்கிறது, பாலிமரேசும் தாராளமாக இருக்கிறது. ரோஜர் கோர்ன்பெர்க் ஈஸ்டிலிருந்து அதன் வடிவத்தைப் படிகத்தில் கண்டு 2006இல் நோபல் பெற்றார். 12 புரதங்கள் சேர்ந்த அருமையான எந்திரம். ஆனால் எங்கே ஏற வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்திலும் சில புரதங்கள் முதலில் கூடி அதை உட்கார வைக்க வேண்டும். அதோடு, பீட்டாவிலிருந்து சுமார் 50,000 எழுத்து தள்ளியிருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி, டிஎன்ஏ வளைந்து வந்து, அந்தத் தொடக்கத்தைத் தொட வேண்டும்.

ஏறி உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல மரபணுக்களில் பாலிமரேஸ் 20 முதல் 60 எழுத்து வரை போய் நின்றுவிடுகிறது. நம் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை ஓடவிட்டபடி வண்டி நிற்குமே, கண்டக்டர் விசில் அடித்தால்தான் நகரும், அதே மாதிரி. இங்கே விசில் அடிப்பது பி-டெஃப்பி என்ற என்சைம். அது வந்து பாஸ்பேட்டை ஒட்ட வைத்ததும் தடை விலகுகிறது. அந்தத் தூரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதியை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். பாலிமரேஸ் வந்து உட்காருவது ஓரளவுதான் குறைந்தது, பீட்டா ஆர்என்ஏ உற்பத்தியோ அதைவிடப் பல மடங்கு சரிந்தது. பீட்டா மரபணு சின்னது, ஏறக்குறைய 1,600 எழுத்து. கிளம்பிவிட்டால் ஒரு நிமிட வேலை. கிளம்ப விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம், காமாவை யார் மூடுகிறார்கள்? 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் பாஸ்டனில் காட்டினார்கள்: பிசிஎல்11ஏ என்ற அடக்கிப் புரதம். அது காமாவின் தொடக்கத்துக்கு 115 எழுத்து முன்னால் போய்ப் பிடித்துக்கொள்கிறது. சில குடும்பங்களில் அதே இடத்தில் ஒரு மாற்றம் பிறவியிலேயே இருக்கும். அவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் காமா ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை. நம் நாட்டுப் பழங்குடிகளிடம் அதிகம் காணப்படும் சிக்கிள் வகையிலும் காமா ஓரளவு கூடுதலாகவே ஓடுகிறது. ஆப்பிரிக்க வகைகளைவிடப் பலருக்கு நோய் சற்று மிதமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'சற்று மிதம்' என்பதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அவள் மடியில் முனகிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பிசிஎல்11ஏவையே அழித்துவிடலாமே என்று உன் பேத்தி கேட்பாள். கூடாது. மூளைக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது தேவை. ஆனால் அந்த மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அதை ஓட வைக்கும் ஒரு என்ஹான்சர் (தூண்டும்) துண்டு இருக்கிறது. அங்கே கேட்டா1 என்ற புரதம் உட்கார்ந்தால்தான் அந்தச் செல்லில் அடக்கி உருவாகும். நோயாளியின் இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை எடுத்து, அந்த ஓரிடத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு வெட்டித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்க அனுமதிக்காக மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து குறைந்தது ஓராண்டு கடும் வலித் தாக்குதல் வரவில்லை. பிழையான எழுத்தை யாரும் திருத்தவில்லை, செல்வி! அது அப்படியே இருக்கிறது. காமாவில் பாலிமரேசை மறுபடி ஓட விட்டார்கள், அவ்வளவுதான். இத்தனை புரதங்கள் எதற்கு என்று இனி யாராவது கேட்டால், ஒரே உடம்பில் ஒரு வகைச் செல்லில் மட்டும் ஒரு மரபணுவை நிறுத்த முடிவதே அவற்றால்தான் என்று அவள் பதில் சொல்லட்டும்.

2023இல் அமெரிக்காவில் இதற்கு அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். அதோடு மஜ்ஜையைக் காலி செய்ய வலுவான கீமோதெரபியும் வேண்டும். பாடந்தொரை தாண்டி மண் சாலையில் நடந்து வருகிற அந்தத் தாய்க்கு இதைச் சொல்லி என்ன பயன்? அவளுக்கு இன்று கிடைப்பது ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து. அதுவும் காமாவைத்தான் கூட்டுகிறது, விலை குறைவு, தினமும் தவறாமல் கொடுத்தால் வலி குறைகிறது. இரத்த எண்ணிக்கையை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்துக்குப் பிறகு பரிசோதனை கூடியிருக்கிறது. மருந்து விடாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் கவலை. புத்தகத்தில் இருக்கும் அறிவியல் அந்த வீட்டு வாசல் வரை வராவிட்டால் எனக்கு அது பாதி அறிவியல்தான்.

இதற்காகத்தான் ஓர் உதவி கேட்கிறேன். உன் தம்பி திருச்சியில் மருந்து மொத்த வியாபாரம்தானே செய்கிறான்? இங்கே பெரும்பாலும் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல்தான் வருகிறது. கைக்குழந்தைக்கு அது அதிகம், பிரித்துக் கொடுக்கச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. குறைந்த அளவில் யார் தருகிறார்கள், பெட்டி என்ன விலை என்று அவனிடம் விசாரித்து எழுது. அடுத்த முகாமுக்கு முன்னால் தெரிந்தால் மருத்துவரிடம் பேச வசதியாக இருக்கும்.

அன்புடன்,
மல்லிகா