மலைக்கோயில் படியில் உட்கார்ந்த அம்மாவுக்கு

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம், அலகு, காவடி. மொரிஷியஸின் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் காவடியை இறக்கியபோது உடம்பு காற்றாய் இருந்தது. மூன்றே வாரம். படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. முருகா என்றாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பக்தி போதாது என்றார்கள், நானும் நம்பினேன்.

அதே கோயில் படியில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். பாதிக் கிரியோல், பாதித் தமிழ். "அருணகிரியாரே கோபுரத்திலிருந்து குதித்தவர்தானே பிள்ளை, அவரையா முருகன் வைதான்?" என்றீர்கள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனதும் நீங்கள்தான். (இங்கே வயதானவர்களுக்கு பஸ் இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தீர்கள்.) திருநீறு மாதிரி மாத்திரையையும் தவறவிடாதே என்றீர்கள்.

இந்த வருஷம் காவடி இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு, அவ்வளவுதான். உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. நன்றி அம்மா.