மாப்பிள்ளைக்கு: அந்த சுவிட்ச் போர்டைத் திறக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி தங்கச்சி போனில் சொன்னாள். பாப்பா இரண்டு மணிக்குப் பாலுக்கு எழுகிறாளாம். துணி மாற்ற லைட்டைப் போட்டால் அந்த வெளிச்சத்தில் முழுசாக விழித்துக்கொள்கிறாளாம், அப்புறம் நாலு மணி வரை யாருக்கும் தூக்கமில்லையாம். இங்கே மதுரையில் இருந்த மூன்று மாதமும் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்திலேயே பழகிய பிள்ளை அவள். அதனால் நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு டிம்மர் வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு நீங்களே மாட்டப்போகிறீர்கள் என்றும் சொன்னாள். "ரெண்டு ஒயர்தானாம்ணா, பத்து நிமிஷ வேலையாம்" என்றாள்.

ரெண்டு ஒயர்தான், உண்மை. ஆனால் அந்த ரெண்டு ஒயரைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், கைக்குழந்தைக்காக இதே வேலையில் இறங்கும் தகப்பன்மார் உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் பல்பைப் பாருங்கள். டிம்மர் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். அந்த அறை பல்பை அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, அதன் உடம்பில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். 'டிம்மபிள்' என்று இருந்தால் சரி. அந்தச் சொல்லே இல்லையென்றால் டிம்மருக்கு ஆகாத பல்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சாதாரணமாகக் கடையில் வாங்கும் 9 வாட் எல்இடி பல்புகளில் பெரும்பாலானவை ஆகாதவைதான்.

காரணம் இருக்கிறது. டிம்மர் என்பது, உள்ளே கம்பி இழை சூடேறி எரிகிற பழைய குண்டு பல்புக்காகப் பிறந்த சாமான். அதற்கு முன்னால் நாடக அரங்குகளில் வெளிச்சத்தைக் குறைக்கப் பெரிய பெரிய ரெசிஸ்டன்ஸ் பெட்டிகளை வைத்திருந்தார்கள். குறைத்த கரண்ட் அத்தனையும் அந்தப் பெட்டியில் சூடாகவே வீணாகும். அதை மாற்றி, வீட்டுச் சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே அடங்குகிற மின்னணு டிம்மரை 1959-ல் செய்து காட்டியவர் அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா. இன்று கடையில் கிடைக்கும் விலை குறைந்த டிம்மர்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் வேலை செய்கின்றன. நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 முறை அலையாக ஏறி இறங்குகிறது. அரை அலைகளாக எண்ணினால் விநாடிக்கு 100. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற சின்னப் பொருள் ஒவ்வோர் அரை அலையிலும் முன்பகுதியைத் தடுத்துவிட்டு மீதியை மட்டும் விடும். நாம் குமிழைத் திருகும்போது தடுக்கும் அளவுதான் கூடுகிறது, குறைகிறது.

குண்டு பல்பு இதைக் கண்டுகொள்வதில்லை. காய்ந்த தோசைக்கல்லுக்குக் கீழே தீயை ஒரு நொடி இழுத்துவிட்டால் கல் உடனே ஆறிவிடுகிறதா? அந்த இழையும் அப்படித்தான். எல்இடி பல்புக்குள் ஒரு டிரைவர் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. 230 வோல்ட்டை வாங்கி, நேர்மின்சாரமாக்கி, அளவோடு உள்ளே கொடுப்பது அதன் வேலை. அதற்குப் போய் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்தால் தடுமாறிவிடும். சில பல்பு மினுக்கும். சில பாதிக் குமிழ் வரை முழு வெளிச்சமாக இருந்துவிட்டுத் திடீரென்று அணையும். சில வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அப்படியே ஓட்டினால் சீக்கிரம் செத்தும் போகும்.

உங்கள் அத்தைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கண்புரை ஆபரேஷன் ஆன சமயத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். வெளிச்சம் கூசுகிறது என்றார்கள் என்று அவர்கள் அறையில் ஒரு டிம்மரை மாட்டினேன், இருந்த பல்பை மாற்றவில்லை. விடாமல் மினுக்கியது. கூசுகிற கண்ணுக்கு அது இன்னும் கொடுமை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இருட்டே தேவலைப்பா" என்று சொல்லிவிட்டார்கள்.

பல்பு சரியாக இருந்தாலும் டிம்மர் பெட்டியில் ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். 400 வாட் வரை தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நமக்கு முக்கியம் கீழ் வரம்பு, அதாவது குறைந்தது எத்தனை வாட் வேண்டும் என்பது. குண்டு பல்புக் காலத்து டிம்மருக்கு 40 வாட், 60 வாட் என்று இருக்கும். அதில் ஒற்றை 9 வாட் பல்பை மாட்டினால் டிரையாக் பிடித்து நிற்க அந்தப் பாரம் போதாது, மறுபடியும் மினுக்கல்தான். எல்இடிக்கு உரியது என்று போட்ட டிம்மராகப் பாருங்கள். கடையில் 'டிரெய்லிங் எட்ஜ்' என்று கேட்டால் தெரிந்தவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அது அலையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டும், எல்இடி டிரைவருக்கு அது மென்மையாக இருக்கும். விலை கூடத்தான். நீங்கள் வாங்கியது பழைய ரகமாக இருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரையே லைட்டுக்குப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். குமிழைத் திருகும் பழைய மின்னணு ரெகுலேட்டரைக் குண்டு பல்புக்கு அப்படிப் போட்டு ஓட்டிய வீடுகள் உண்டு. இப்போது வரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று 'டக் டக்' என்று திரும்பும் ரெகுலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர். அது எல்இடி பல்புக்கு உதவாது. லைட் டிம்மரை ஃபேனுக்குப் போடுவதும் தப்பு. மோட்டார் உறுமும், சூடேறும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம்.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அம்மா அறையில் டிம்மர் மாட்டிய அன்றைக்கு எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த அறைக்குப் போகும் கரண்டை நிறுத்த, மெயின் போர்டில் அதற்குரிய சுவிட்சான எம்சிபியை இறக்கினேன். பிளக்கில் போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன், சார்ஜ் ஏறவில்லை. கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையோடு பிளேட்டைக் கழற்றி, ஒரு கையால் சுவிட்சுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் ஒயரையும் இன்னொரு கையால் பக்கத்தில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர்களையும் விலக்கினேன். அடித்தது. ஸ்டூலிலிருந்து பின்னால் விழுந்ததால்தான் கை விடுபட்டது. தோள்பட்டை வலி மூன்று வாரம் இருந்தது. அம்மா ஓடிவந்து நின்ற முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

நடந்தது இதுதான். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரே போர்டுக்கு இரண்டு வழியாகக் கரண்ட் வரும். பிளக் பாயிண்ட்டுக்கு நேராக மெயினிலிருந்து வரும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் வழியாக வரும். அறை எம்சிபியை இறக்கினால் பிளக் மட்டும் செத்திருக்கும், லைட் ஒயர் உயிரோடுதான் இருக்கும். மொத்த மெயினையும் இறக்கினாலோ, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யத் தொடங்கும். நாம் ஆபத்தை நீக்கிவிட்டோம் என்று நினைக்கும் அந்த நிமிஷத்தில்தான் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாம் பேச்சில் ஈஎல்சிபி என்கிறோமே, அதுதான். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால், 30 மில்லி ஆம்பியருக்குள்ளேயே அது பிடித்து இறக்கிவிடும், கட்டாயம் இருக்க வேண்டிய சாமான். ஆனால் ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு நாமும் ஒரு பல்பும் ஒன்று. கசிவு என்று அதற்குத் தெரியாது.

அதனால் மெயினையும் இறக்க வேண்டும், இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சையும் அணைக்க வேண்டும். இரண்டையும் செய்த பிறகு வீட்டில் ஒரு லைட், ஒரு ஃபேன்கூட ஓடக் கூடாது. எல்லா அறையிலும் போட்டுப் பாருங்கள். மெயின் பக்கத்தில் ஆள் நிற்கட்டும். தங்கச்சி பாப்பாவை வைத்திருப்பாள், உங்கள் அப்பாவை நிற்கச் சொல்லுங்கள். ஃபேன் ஓடவில்லையே என்று யாராவது வந்து தூக்கிவிடுவது நம் வீடுகளில் சகஜம்.

அதற்குப் பிறகும் சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சின்ன நியான் எரிவது தெரியாது, ரப்பர் செருப்பு போட்டிருந்தால் இன்னும் மங்கும். ஒயரிங் வேலை செய்பவர்கள் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி இரண்டு ஒயர் விட்டு வைத்திருப்பார்களே, அந்த டெஸ்ட் லாம்ப் நல்லது. அணைப்பதற்கு முன் கரண்ட் உள்ள பிளக்கில் அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். ஒயர் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. ஆனால் கையில் மிச்சமிருந்த ஒயரையே இழுத்துவிட்டுப் போன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டுகிற வேலை சுலபம். சுவிட்சைக் கழற்றவே தேவையில்லை என்பது என் எண்ணம். உங்களுடையது மாடுலர் போர்டு. ஓரத்தில் வெறும் டம்மி பிளேட் ஒன்று இருந்ததாக ஞாபகம். டிம்மர் அந்த இடத்தில் உட்காரும். சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரை எடுத்து டிம்மரின் ஒரு முனைக்குக் கொடுத்து, சுவிட்சில் அந்த ஒயர் இருந்த இடத்துக்கும் டிம்மரின் மறுமுனைக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டால் முடிந்தது. அணைக்கப் பழைய சுவிட்ச், குறைக்க டிம்மர். பாதி ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் கை பழகிய இடத்துக்கே போகும் என்பதால் இது நல்லது. கட்டில் பக்கம் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று என்று ஒரே லைட்டுக்கு டூ வே சுவிட்ச் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். அதில் சுவிட்சுக்குப் பதிலாக சாதாரண டிம்மரை வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டு அணைக்கிற வசதி போய்விடும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை முறுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். லூஸ் கனெக்ஷன் சூடாகும், சூடு நாள்போக்கில் கருகலாகும். பிளேட்டைத் திறந்ததும் எங்காவது கருகியிருந்தாலோ, ஒயர் அலுமினியமாக இருந்தாலோ அப்படியே மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம்.

பல்பின் நிறத்தையும் பாருங்கள். அதைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் ஊரில் எல்லாரும் விரும்பி வாங்குவது 6500 கெல்வின் வெள்ளை. குண்டு பல்பைக் குறைத்தால் செக்கச்சிவந்து இதமாகும். எல்இடியை எவ்வளவு குறைத்தாலும் பெரும்பாலும் அதே வெள்ளைதான், மங்கலான வெள்ளை. பாப்பா அறைக்கு 2700 கெல்வின், வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள். அகல் விளக்கு நிறத்தோடு சேர்ந்து வரும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கொஞ்சம் மினுக்கினால் பயப்படாதீர்கள். சதுர அலை தரும் இன்வெர்ட்டரோடு டிம்மர் ஒத்துப்போவதில்லை, மெயின் கரண்ட் மாதிரியே வளைந்த அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

சனிக்கிழமை ராத்திரிக்குள் இங்கேயே டவுன்ஹால் ரோட்டில் பல்பை வாங்கிவிடுகிறேன், தேடி அலைய வேண்டாம். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தேனிக்கு வருகிறேன். டெஸ்ட் லாம்பும் கொண்டுவருகிறேன். வேலையை நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள், உங்கள் மகளுக்காக நீங்கள் செய்ய நினைத்ததை நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். மெயின் பக்கத்தில் நிற்கும் ஆள் நானாக இருக்கிறேன். அதுவரை பிளேட்டில் கை வைக்காதீர்கள்.

இன்றைக்கும் நாளைக்கும் ராத்திரிக்கு, உங்கள் அம்மா பூஜை அறையில் போட்டிருக்கும் அந்த அரை வாட் நைட் லாம்ப்பைக் கழற்றிப் பாப்பா அறை பிளக்கில் சொருகிவிடச் சொல்லுங்கள். துணி மாற்ற அது போதும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்
மதுரை