ஆம்ஸ்டர்டாமின் மூன்று பெருக்கல் குறிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஆம்ஸ்டர்டாம் பயணக் கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் அந்த ஊர்ச் சின்னத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று பெருக்கல் குறிகளுக்கு தீ, வெள்ளம், கொள்ளைநோய் என்றுதான் பொருள் என அடித்துச் சொல்லியிருந்தீர்களே, அங்கேதான் இடித்தது. சுற்றுலாப் படகில் ஏறினால் வழிகாட்டிகள் சொல்லும் கதை அது. 1452இல் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது உண்மைதான், அதற்காகச் சின்னம் அதிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. (தெருவோர இரும்புக் கம்பங்களில் இதே குறிகளைப் பார்த்து, சிவப்பு விளக்குப் பகுதிக்கான விளம்பரம் என்று சிரிப்பவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.)

அவை இயேசுவின் சீடரான புனித அந்திரேயாவின் சிலுவைகள். அவரை அந்த வடிவச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது மரபு. அவர் மீனவர், ஊரும் மீன்பிடி ஊராகத் தொடங்கியது, அதனால் பொருத்தம் என்பார்கள் சிலர். எனக்கு அதைவிடச் சரியாகப் படுவது வேறு. பக்கத்தில் இருக்கும் அவுடர்-ஆம்ஸ்டல், ஆம்ஸ்டல்வேன் ஊர்களின் சின்னங்களிலும் இதே சிலுவைகள் இருக்கின்றன, அப்படியென்றால் ஒரு ஊரின் தீயும் வெள்ளமும் எப்படிக் காரணமாகும்? 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் ஆதிக்கம் செலுத்திய பெர்சைன் என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. சிலுவைகளுக்குப் பின்னால் ஓடும் கறுப்புப் பட்டை ஆம்ஸ்டல் ஆறு என்கிறார்கள்.

மேலே உள்ள கிரீடம் 1489இல், பின்னாளில் புனித ரோமப் பேரரசரான மாக்சிமிலியன் கொடுத்தது, ஊர் அவருக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக. 1578இல் ஊர் கத்தோலிக்கத்தை விட்டு சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் பக்கம் போனபோதும் கத்தோலிக்க அரசர் தந்த கிரீடத்தை யாரும் கழற்றவில்லை, வியாபாரிகளுக்கு அதன் மதிப்பு தெரியாதா என்ன!

அப்புறம் கட்டுரையில் விட்டுப்போனது அடியில் உள்ள வாசகம். வீரம், உறுதி, இரக்கம் என்று மூன்று சொற்கள். 1941 பிப்ரவரியில் யூதர்களை நாஜிகள் தெருவில் வைத்துப் பிடித்துப்போனதை எதிர்த்து டிராம் ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜெர்மானியர் அதைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். அதை நினைவில் வைத்து 1947இல் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா கொடுத்த சொற்கள் இவை. கட்டுரையாளர் அடுத்த வாரம் எழுதும்போது இதற்கு நாலு வரி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்