எல்லாப் பொம்மைக்கும் ஒரே தின்னரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறைப் பக்கத்தில், சிறிய மாதிரிக் கார்கள், சிப்பாய்கள், விமானங்கள் ஆகியவற்றின் பழைய பெயிண்டை நீக்கிப் புதிதாக வண்ணம் தீட்டுவது பற்றிய குறிப்பைப் படித்தேன். எங்கள் பொழுதுபோக்குக்கும் ஒரு தமிழ் நாளிதழ் இடம் ஒதுக்கியதே என்று மகிழ்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். "எந்தப் பொருளால் செய்த பொம்மையானாலும் தின்னரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும், காலையில் பிள்ளைகளே பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம்" என்ற வாக்கியத்துக்கு வந்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போகும் ஒரு நாளிதழ், இந்த ஒரு வாக்கியத்தை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அச்சேற்றியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

பெயிண்ட் கடையில் தின்னர் என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. கார் பட்டறைக்காரர்கள் ஸ்ப்ரே பெயிண்டில் கலக்கும் என்.சி. தின்னர்தான் பெரும்பாலும் கைக்கு வரும். டொலுயீன், அசிட்டோன் போன்றவை கலந்த திரவம் அது. பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் மாதிரி விமானங்களும் டாங்கிகளும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடிய திரவங்களைத்தான் நாங்கள் அவற்றை ஒட்டும் பசையாகவே பயன்படுத்துகிறோம். ஒரு துளி விட்டால் இரண்டு விளிம்புகளும் இளகி ஒன்றாக உறைந்துவிடும். ஒரு துளிக்கே அப்படியென்றால், கிண்ணம் நிறைய ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தால் என்ன மிஞ்சும்? குறிப்பு வெளிவந்த மறுநாள் மாலை எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஸ்பிட்ஃபயர் விமானம், இறக்கை எது, வால் எது என்று தெரியாதபடி அடியில் சாம்பல் நிறக் கூழாக ஒட்டிக்கிடந்தது. "பேப்பர்ல போட்டிருந்தபடிதான் தாத்தா செஞ்சேன்" என்றான். அவனுக்கு நான் சொன்ன எந்தப் பதிலும் எனக்கே திருப்தியாக இல்லை.

"எந்தப் பொருளால் செய்ததானாலும்" என்று எழுதியவர், ஒரே நிறுவனத்தின் பெட்டிகளிலேயே வெவ்வேறு பிளாஸ்டிக்குகள் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மாதிரிப் பொம்மைகள் விற்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் விமானங்கள் பாலிஸ்டைரீன். 1959 முதல் அந்த நிறுவனம் விற்ற விரலளவுச் சிப்பாய்களோ வளையக்கூடிய பாலிதீன். அந்தச் சிப்பாய்கள்மேல் பெயிண்ட் சரியாகப் பிடிப்பதே இல்லை. கையால் லேசாக வளைத்தாலே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். முன்னதற்குத் தின்னர் நாசம், பின்னதற்குத் தின்னரே தேவையில்லை.

உலோகக் கார்களுக்குக் "காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் இன்னும் நல்லது" என்றும் அதே குறிப்பு சொல்கிறது. காஸ்டிக் சோடா பழைய எனாமல் பெயிண்டில் உள்ள எண்ணெய்ப் பகுதியைச் சோப்பாக மாற்றிவிடுவதால் பெயிண்ட் கழலும் என்பது உண்மையே. ஆனால் டிங்கி, மேட்ச்பாக்ஸ் ஆகிய பெயர்களில் விற்ற பொம்மைக் கார்களும், டிங்கியின் பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்க்கப்பட்ட நிக்கி கார்களும், சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த துத்தநாகக் கலவையால் ஆனவை. துத்தநாகம், அலுமினியம் இரண்டையுமே காஸ்டிக் சோடா அரிக்கும். அரிக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். அதிக நேரம் போட்டுவைத்த காரை எடுத்துப் பார்த்தால் பரப்பு கறுத்து, கதவின் கோடுகளும் முன்பக்கக் கம்பிகளும் மழுங்கியிருக்கும். யாராவது காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கலக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்கள் அறிவியல் பக்கத்துக்கு எழுதுபவரே சொல்வார்.

இவையெல்லாம் பொருள் நஷ்டம். எனக்குத் தாளாத கோபம் "பிள்ளைகளே தேய்த்துவிடலாம்" என்பதில்தான். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்ளே குழிவான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. 1966-இல்தான் அந்த ஈய வார்ப்பு நின்றது. அவை நம் ஊர் வீடுகளிலும் இருக்கின்றன. 1985-இல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் என் சித்தப்பா வாங்கிய ஒரு வரிசை இன்றும் என் அலமாரியில் நிற்கிறது. அந்தச் சிப்பாய்களின் உடலும் ஈயம், அந்தக் காலத்துப் பெயிண்டிலும் ஈயம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கை (90 பி.பி.எம்.) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வீட்டில் மிஞ்சிய பெயிண்டை எடுத்துப் பொம்மைக்குப் பூசியவர்கள் எத்தனையோ பேர். குழந்தைகளின் உடலில் இவ்வளவு ஈயம் சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து எச்சரித்துவருகிறது. அப்படியிருக்க, அந்தப் பெயிண்டைச் சுரண்டித் தூளாக்கும் வேலையை, தின்னர் ஆவி நிறைந்த அறையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை விளையாட்டாகக் கொடுக்கும்படி தங்கள் இதழ் பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறது.

இது முதல் முறையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே இணைப்பில், கறுத்துப்போன ஈயச் சிப்பாய்களைப் பித்தளைக் குத்துவிளக்கைப் போலப் புளியும் வினிகரும் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தீர்கள். வினிகர் ஆவி பட்டாலே ஈயம் வெண்பொடியாக மாறத் தொடங்கிவிடும். பழங்காலத்தில் வெள்ளை ஈய நிறமியை வினிகரைக் கொண்டுதான் தயாரித்தார்கள். அப்போதும் விளக்கமாகக் கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை; கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. பிறகொரு முறை மாதிரி இரயில்கள் பற்றிய கட்டுரையில், இவற்றைச் சேகரிப்பவர்களை "வளர மறுத்த குழந்தைகள்" என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்கு நான் எழுதவில்லை, பொறுத்துக்கொண்டேன். குழந்தைகளின் விளையாட்டுத்தானே என்ற அந்த எண்ணம்தான், எதையும் சரிபார்க்காமல் அச்சிடும் துணிச்சலையும் தந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் படிமங்களைப் பாதுகாக்க வேதியியல் ஆய்வகம் அமைந்தது 1930-இல். எதனால் ஆன பொருள், மேலே படிந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் அங்கே யாரும் எதன்மேலும் மருந்து ஊற்றுவதில்லை. விரல் உயரச் சிப்பாய்க்கும் அந்த மரியாதை பொருந்தும். அக்ரிலிக் பெயிண்ட் பூசிய பாலிஸ்டைரீனுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்; அதையும் பாகங்கள் பிணைந்து வந்த சட்டத்தின் ஒரு துண்டில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். டெட்டாலில் ஊறவைப்பவர்களும் உண்டு. நானும் அதைச் செய்துவருகிறேன். ஆனால் ஊறியதை நேராகக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கழன்ற பெயிண்ட் பிசினாகி மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். முதலில் புதிய டெட்டாலிலேயே தேய்த்து அலசிவிட்டு, அதன் பிறகே சோப்பும் தண்ணீரும். காய்ந்து இறுகிய எனாமல் ஆல்கஹாலுக்கு எளிதில் அசையாது. துத்தநாகக் கார்களுக்குக் கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரை, மொட்டைமாடியில், கையுறையோடு, பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தலாம். அதற்கு முன் கண்ணாடி, சக்கரம் போன்ற பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட வேண்டும். ஈயச் சிப்பாயில் பழைய ஆலைப் பெயிண்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால் தொடாமல் விடுவதே நல்லது. அந்தப் பெயிண்ட் போய்விட்டால் சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பும் போய்விடும். எவ்வளவு திறமையாகப் பூசினாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நான் கேட்பது ஒரு திருத்தம் மட்டுமே. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், மூன்று செய்திகளை வெளியிடுங்கள்: பிளாஸ்டிக் மாதிரிகளைத் தின்னரில் போடக் கூடாது, துத்தநாகக் கார்களுக்குக் காஸ்டிக் சோடா ஆகாது, பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. வரிவிளம்பரங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டால், குறிப்பைக் கத்தரித்து வைத்திருக்கும் பெற்றோர் கண்ணில் அது படாது. இந்தக் கடிதத்தை வெளியிட இடமில்லையென்றால் வேண்டாம். அந்தத் திருத்தத்துக்கு மட்டுமாவது இடம் ஒதுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.