சூடு முதலில், படிவம் அப்புறம்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பதில் கடிதம் கிடைத்தது. என் இரண்டு பக்கப் புகாருக்கு நாலு வரி. அதில் மூன்றாவது வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: "தங்கள் குழந்தை நலமுடன் வீடு திரும்பியுள்ளதால் இப்புகார் முடித்துவைக்கப்படுகிறது."

நலமாகத்தான் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில்தான் தூங்குகிறாள். அதற்காக உங்கள் என்ஐசியு (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லையே. அவள் பிறந்த பிறகு போன 42 நிமிடங்களைப் பற்றித்தான் கேட்டேன்.

நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. 29 வாரக் கர்ப்பத்திலேயே பிறந்த குறைமாதக் குழந்தை. பிறந்தது அதிகாலை 2.10. என்ஐசியுவில் சேர்த்தது 2.52. சேர்க்கும்போது உடல் வெப்பநிலை 34.6 டிகிரி. 36.5-க்குக் கீழே போகக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே கோப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்த இடைவெளியில் நான் இருந்தேன், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

என்னைச் சேர்க்கை கவுன்டருக்கு அனுப்பினார்கள். குழந்தைக்குத் தனியாகச் சேர்க்கை எண் போட்டால்தான் மேலே படுக்கை கிடைக்குமாம். கவுன்டரில் இருந்தவர் மரியாதையான மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. தாயின் பெயர் கேட்டார், சொன்னேன். பிறந்த நேரம் கேட்டார், சொன்னேன். எடை கேட்டார். "இன்னும் எடை போடலையே" என்றேன். "அது மேலதான் சார் போடுவாங்க" என்றார். எடையைப் போடாமல் கணினி எண் தராது. எண் இல்லாமல் மேலே எடுக்க மாட்டார்கள். மேலே போகாமல் எடை தெரியாது. இதை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் அவரே உத்தேசமாக ஆயிரம் கிராம் என்று தட்டினார். கணினி ஒப்புக்கொண்டது. (மேலே போய் எடை போட்டபோது 1,180. அந்த 180 கிராமுக்காக யாரும் பிறகு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்தால், லிஃப்ட் வாசலில் ஒரு செவிலியர் என் மகளை ஏந்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஓர் உதவியாளர். லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. செவிலியர் முழங்கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். குழந்தையைச் சுற்றியிருந்த துண்டில் என் விரல் பட்டது. ஈரம். பிறந்ததும் துடைத்த அதே துண்டு, சில்லென்று இருந்தது. நான் தொட்டதைப் பார்த்த அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை உருவிக் கீழே போட்டார். மேலே அணிந்திருந்த கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, குழந்தையை உள்ளே நெஞ்சோடு வைத்துக் கோட்டால் மூடினார். "வந்துடும்ணா, வந்துடும்" என்றார். லிஃப்டைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவரிடம்தான் இப்போது விளக்கம் கேட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விதிப்படி இன்குபேட்டரில் கொண்டுபோகவில்லையாம். தயவுசெய்து அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள். அன்றிரவு உங்கள் கட்டிடத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே வார்மர் அவர்தான்.

மற்ற வார்மரை, அதாவது பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் கருவியைப் பற்றி, என் மனைவி சொல்லித்தான் தெரியும். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து அது நேராகத் தெரிந்ததாம். அதன் மெத்தைமேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. குழந்தை வெளியே வந்த பிறகுதான், "இதையெல்லாம் எடுத்து எங்க வைக்கிறது" என்று தேடினார்களாம். அப்புறம் பிளக்கைச் செருகினார்கள். குளிர்ந்து கிடக்கும் மெத்தை சூடாக எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று உங்கள் பராமரிப்புப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். அறையின் ஏசி 20-ல் இருந்தது. பிரசவ அறை 25 டிகிரிக்காவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் பிறகு படித்தேன். நீங்கள் முன்பே படித்திருப்பீர்கள்.

திடீர்ப் பிரசவம் என்றால் வாயே திறந்திருக்க மாட்டேன். நாங்கள் உள்ளே வந்து 30 மணி நேரம் ஆகியிருந்தது. நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி இரண்டு தவணையும் போட்டாகிவிட்டது. அதைக் கச்சிதமாகச் செய்தீர்கள், அந்த ஊசிதான் அவளைக் காப்பாற்றியது என்று மேலே இருந்த மருத்துவரே சொன்னார். குறைமாதக் குழந்தை வரப்போகிறது என்று ஊசிக்குத் தெரிந்திருக்கிறது, மருந்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது, வார்மருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரியெல்லாம் ஒரு விஷயமா என்று உங்கள் குறைதீர்ப்பு அலுவலர் தொலைபேசியில் கேட்டார். அவருக்காக இந்தப் பத்தி, மருத்துவர்கள் தாண்டிப் போகலாம். 29 வாரக் குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் அதன் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியாக ஆகச் சூடும் கூடவே போகும். சூடு உண்டாக்குகிற பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் சேரும், இவளுக்கு அது போதுமான அளவு சேரவே இல்லை. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும், இந்தக் குழந்தைகளுக்கு நடுங்கக்கூடத் தெரியாது. குளிரைச் சமாளிக்க இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரித்துத் தீர்த்துவிடும். ஏற்கெனவே விரியச் சிரமப்படும் நுரையீரலுக்கு இன்னும் திணறல். என் மகளைச் சேர்த்தபோது ரத்தச் சர்க்கரை வெறும் 32 என்று உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறது. எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பற்றி 2007-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சேர்க்கும்போது இருக்கும் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இறப்பதற்கான வாய்ப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. ஆமாம் ஐயா, இரண்டு டிகிரி ஒரு விஷயம்தான்.

இதைத் தடுக்க ராக்கெட் ஒன்றும் விட வேண்டாம். 32 வாரத்துக்கு முன்பு பிறக்கும் குழந்தையை, துடைக்கக்கூட வேண்டாம், ஈரத்தோடு அப்படியே கழுத்துவரை ஒரு சுத்தமான பாலிதீன் பையில் வைத்து, தலையில் ஒரு குல்லாய் போட்டு, முன்கூட்டியே சூடாக்கிய வார்மரில் கிடத்தச் சொல்கிறார்கள். ஒரு பை, ஒரு குல்லாய். என் மனைவி பத்தடி தள்ளிப் படுத்திருந்தாள். மின்சாரமே இல்லாமல் 37 டிகிரியில் இருந்த இடம் அந்த அறையில் அவள் நெஞ்சுதான், அதுவும் யார் நினைவுக்கும் வரவில்லை. தாயின் தோலோடு தோலாக வைக்கும் கங்காரு முறை கொலம்பியாவில் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் உலக சுகாதார நிறுவனமும் பிறந்ததிலிருந்தே இதைத் தொடங்கச் சொல்லிவிட்டது. அந்தச் செவிலியர் லிஃப்ட் வாசலில் இதையெல்லாம் யோசித்திருப்பாரா, தெரியாது. கை தானாகச் செய்தது.

உங்கள் வரவேற்புக் கூடத்தில் ஆளுயரச் சுவரொட்டி ஒன்று இருக்கிறது, "முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம்" என்று. சேர்க்கை கவுன்டரில் நிற்பவருக்கு நேர் எதிரே, நிதானமாகப் படிக்கிற மாதிரி மாட்டியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று கட்டிடம் முழுக்க ஊதா விளக்கு போட்ட படமும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அத்தனை விளக்கையும் பொழுது சாய்வதற்குள் யாரோ ஒருவர் பொறுப்பாக எரியவிட்டிருக்கிறார். அவரைப் பிரசவ அறைக்கு மாற்ற முடியுமா? வீடு திரும்பிய நாள் முதல் எனக்கு வரும் குறுஞ்செய்திகளும் அப்படித்தான். வாகன நிறுத்தத்துக்கு எத்தனை நட்சத்திரம், உணவகத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறீர்கள். லிஃப்டுக்கு எத்தனை என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது. கேட்க வந்தது ஒன்றுதான். சூடு முதலில், படிவம் அப்புறம். குறைமாதப் பிரசவம் எதிர்பார்க்கும் அறையில், குழந்தை வருவதற்கு முன்பே வார்மர் எரிய வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதற்கு ஒருவர் பெயர் பலகையில் எழுதியிருக்க வேண்டும். சேர்க்கை எண் அடுத்த நாள் காலையில் வந்தாலும் குடிமுழுகிவிடாது, குழந்தை அதற்காக ஒரு நிமிடம்கூட வெளியே நிற்கக் கூடாது. சேர்க்கும்போது எடுத்த வெப்பநிலையை மாதாமாதம் யாராவது பார்த்து, 36.5-க்குக் குறைந்த ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும். செவிலியரை அல்ல, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, முடித்துவைத்த என் புகாரை அருள்கூர்ந்து மறுபடி திறங்கள். நஷ்ட ஈடு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இன்னும் ஒரு சின்ன அனுமதி வேண்டும். அடுத்த மாதம் மகளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிவருகிறேன். அப்போது யாராவது ஒருவரோடு, யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரத்தில் பிரசவ அறைக்குள் போய், அந்த மெத்தையில் ஒரு தடவை கை வைத்துப் பார்க்க விட வேண்டும்.

பணிவுடன்,
29 வாரத்தில் பிறந்த ஒரு மகளின் அப்பா