அடுப்பு எரியும் அருங்காட்சியகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் மதுரைக்காரர்கள் கோட்டை, கோயில், புல்லட் ரயிலோடு திரும்பிவிடாமல், கவாசாகி நகரின் நிஹோன் மின்கா-என் வளாகத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, 1967-இல் திறந்த இடம் அது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஒடாக்யூ ரயில் ஏறி, முகோகாவோகா-யூவென்னில் இறங்கினால் கால் மணி நேர நடை. திங்கள்கிழமை விடுமுறை.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது 'இரோரி' என்னும் அடுப்பு. பலகைத் தரையின் நடுவே சதுரக் குழி, அதில் சாம்பல், அதன்மேல் விறகு. உத்தரத்திலிருந்து தொங்கும் கொக்கியில் கெட்டிலை மாட்டியிருப்பார்கள். அதை ஏற்றி இறக்கும் குறுக்குக் கட்டையைப் பல வீடுகளில் மீன் வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். புகைபோக்கி கிடையாது. புகை மேலேறிக் கூரைப் புல் வழியாகவே கசிந்து வெளியேறும். புல்லும் மூங்கிலும் கட்டிய கயிறும் அதில் உலர்ந்து கெட்டிப்படும், பூச்சி அண்டாது. அடுப்பு அணைந்த வீட்டில் கூரை சீக்கிரம் மக்கிவிடும் என்பதால், தன்னார்வலர்கள் முறைவைத்துத் தீ மூட்டுகிறார்கள். நம் பக்கம் விதைச் சோளக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதும் இதே கணக்கில்தான்.

மண் தரைவரை செருப்போடு போகலாம். பலகைத் தரையில் ஏறக் கழற்ற வேண்டும். குளிர்காலமென்றால் கெட்டியான காலுறை அவசியம். நிலை தாழ்வு, தலை இடிக்கும்.

அருங்காட்சியகம் என்றால் பெரிய வளாகம்தான் வேண்டும் என்பதில்லை. டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் 1951-இல் கட்டிய சாதாரணக் குடும்ப வீடொன்று, புழங்கிய சாமான்களோடு 1999 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இங்கே மாசி வீதிகளில் முற்றம் வைத்த வீடுகள் இடிபடுகின்றன. தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. அம்மி ஒரு பக்கம், குழவி ஒரு பக்கம். மிஞ்சும் வீடுகளிலும் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொரிந்து உதிர்கிறது. செலவும் பாழ், சுவரும் பாழ்.

மதுரையில் ஒரு வீட்டையாவது இருந்த இடத்தில் இருந்தபடியே காக்க அரசு முன்வர வேண்டும். அங்கே விறகடுப்பு எரியட்டும், பள்ளிப் பிள்ளைகள் ஆட்டுக்கல்லில் கைவைத்து மாவாட்டட்டும். இடித்தே தீர வேண்டிய வீடென்றால், சாமான்களை நகர்த்துமுன் அறை அறையாகப் படமெடுங்கள், அடுப்படியை முதலில். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் குறித்தபின் பிரியுங்கள். எண் இல்லாத உத்தரம் வெறும் விறகுதான்.

மரபுக் கட்டடப் பணியாளர்,
வடக்கு மாசி வீதி, மதுரை.